எஸ். ஜெசிந்தா, கே. ஜெசிந்தா

நவம்பர் 25, திங்கள்

இன்று மதுரை கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறைக்கு வெளியே இருந்தவர்கள்: அமலோற்பவம் ஆகிய நான், திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் எனக்குத் துணையாக வந்த எதிர்வீட்டுப் பொன்னுத்தாய். உள்ளே இருந்தவர்கள்: என் மகள் ஜெசிந்தா, டாக்டர் மீனலோசனி, மயக்க மருந்து டாக்டர், இரண்டு நர்ஸுகள். மாப்பிள்ளை கஸ்பார் வரவில்லை. இதே மதுரையில்தான் வீடு. ஆனால் கம்பெனியில் ஆடிட்டாம். அவளுக்கு மாடிப்படியில் கால் தடுக்கிவிட்டது, நான் என்ன செய்ய முடியும் அத்தை என்று போனில் சொன்னார். வேறு யாரும் இல்லை.

இடது கண்ணில் விழித்திரை பெயர்ந்துவிட்டது. சுவரில் ஒட்டிய தாள் ஈரத்தில் கழன்று தொங்குமே, அப்படியாம். அதைத் திரும்ப ஒட்டி, அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் காற்று வைத்திருக்கிறார்கள். அந்தக் காற்று மேலே எழும்பி ஒட்டின இடத்தை அழுத்த வேண்டுமென்றால் இவள் குப்புறத்தான் கிடக்க வேண்டும். சாப்பிடவும் பாத்ரூம் போகவும் மட்டும் எழலாம், அதுவும் தலையைக் குனிந்தபடி.

சேர்க்கைத் தாளை நான்தான் நிரப்பினேன். தந்தை / கணவர் பெயர் என்ற கட்டத்தில் கஸ்பார் என்று எழுதினேன். கே. ஜெசிந்தா என்று அட்டை போட்டுக் கொடுத்தார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் கேட்டார்: "கண்ல அடி ஏதாச்சும் பட்டுச்சாம்மா?" ஜெசிந்தா என்னைப் பார்த்தாள்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா டாக்டர்," என்றேன். என்னிடம் அவள் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

டாக்டர் உடனே எழுதவில்லை. "குழாய்ல பட்டிருக்கும்," என்று நானே சேர்த்துச் சொன்னேன். பிறகு எழுதிக்கொண்டார்.

கையில் இருந்த ஜெபமாலை ஐந்து முறை முடிந்தது. பஸ், ஆட்டோ, இளநீர் கணக்கெல்லாம் தனி நோட்டில்.

நவம்பர் 26, செவ்வாய்

காரில் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். என் வீட்டுக்கு. மாப்பிள்ளை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

சாப்பாட்டு மேஜையில் இரண்டு தலையணையை இடைவெளி விட்டுப் போட்டு, அந்தச் சந்தில் அவள் முகத்தை வைத்துக்கொள்ளும்படி செய்தேன். தட்டை மேஜைக்குக் கீழே முக்காலியில் வைத்தால் குனிந்தபடியே ஸ்பூனால் எடுத்துக்கொள்கிறாள். ரசம் சாதம். பாதி கீழே. துடைத்தேன்.

மூன்று சொட்டு மருந்துகள். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஐந்து நிமிஷம் விட வேண்டும். ஜெபமாலையில் பத்து அருள்நிறை மரியே சொன்னால் சரியாக இருக்கிறது.

நவம்பர் 27, புதன்

காலையிலிருந்து ஒரே பேச்சு: "அம்மா, லேப்டாப்."

"வலது கண்ணுக்கும் லேசர் வச்சிருக்கு. ஸ்கிரீன் பக்கமே போகக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்கல்ல?"

"நான் போகல. நீ போ. அன்பியம் கணக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல நீதான அடிக்கிற?"

அது உண்மை. எட்டாவதோடு நின்றவள் நான். எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தின் சந்தா, பூ, மெழுகுவர்த்தி, ஏழை வீட்டு அரிசி, எல்லாக் கணக்கும் என் பொறுப்பு. ஜெசிந்தா கல்யாணமாகிப் போனபோது விட்டுப் போன பழைய கம்ப்யூட்டரில் நானாகத் தட்டித் தட்டிப் பழகினேன். யாரும் சொல்லித்தரவில்லை, தப்பாய்ப் போனால் அழித்துவிட்டு மறுபடி அடிப்பேன், அவ்வளவுதான்.

அவள் பிஎச்டி முடிக்க வேண்டிய தேதி டிசம்பர் 20. அவள் ஆராய்ச்சி இது: ஏழு வருடம் முன்னால் நூல் மில்களில் வேலை பார்த்த பெண் பிள்ளைகள், பார்க்காத பெண் பிள்ளைகள் என்று நானூற்றுப் பன்னிரண்டு பேரின் பட்டியலை ஒரு தொண்டு நிறுவனம் எடுத்து வைத்திருந்தது. அப்போது யாருக்கும் கல்யாணம் ஆகவில்லை. போன வருடம் ஊர் ஊராக முகாம் போட்டு, குழாயில் ஊதச் சொல்லி மூச்சின் பலத்தை அளந்து இன்னொரு பட்டியல் எடுத்தார்கள். இரண்டையும் பொருத்திப் பார்த்தால் பஞ்சுத் தூசி அந்தப் பிள்ளைகளின் நெஞ்சை என்ன செய்தது என்று தெரிந்துவிடும். பொருத்துவதற்குக் கம்ப்யூட்டரில் ‘ஆர்’ என்று ஒரு கணக்கு மொழி. அதில்தான் ஏதோ இடிக்கிறதாம்.

நவம்பர் 28, வியாழன்

முதல் பாடம். அவள் குப்புறக் கிடந்து சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.

"பிராக்கெட் போடு."

"வளைஞ்சதா, சதுரமா?"

"வளைஞ்சது. இப்ப கோட்ஸ். ஃபைல் பேரு. கோட்ஸ். மூடு."

"எதை?"

"பிராக்கெட்டை. திறந்தா மூடணும்மா."

"ஃப்ரிட்ஜைத் திறந்தா மூடுடின்னு இருபது வருஷமா நான் கத்துனேன். இப்ப உன் முறையா?"

தலையணைக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு ஸ்கிரீனில் சிவப்பாக எழுத்து வந்தது.

"ஜெசி, எதையோ கெடுத்துட்டேன்டி."

"ஒண்ணும் கெடாது. வாசி."

"ஆப்ஜெக்ட்... அப்புறம் நம்ம பட்டியல் பேரு... நாட் ஃபவுண்ட்."

"பேர்ல பெரிய எழுத்து போட்டிருப்ப."

"பேருன்னா முதல் எழுத்து பெருசாத்தான போடணும்?"

"இதுக்கு மரியாதை தெரியாதும்மா. எப்படி வச்சோமோ அப்படித்தான் கூப்பிடணும்."

திருத்தினேன். சிவப்பு போய்விட்டது. அவள் சொன்னாள்: "சிவப்பு வந்தா சந்தோஷப்படு. தப்புன்னு அதுவே சொல்லிருது. ஒண்ணுமே சொல்லாம, எல்லாம் சரின்னு ஓடி முடியும் பாரு, அதைக் கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம்."

நவம்பர் 29, வெள்ளி

மாப்பிள்ளை போன் செய்தார். தூங்குகிறாள் என்று சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

டிசம்பர் 1, ஞாயிறு. திருவருகைக் காலம் முதல் வாரம்

பொன்னுத்தாய் வந்து ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் முதல் பூசைக்குப் போய் வந்தேன். பங்குச்சாமி ஃபாதர் இருதயராஜ் விசாரித்தார். வீட்டில் முதல் மெழுகுவர்த்தி ஏற்றினேன். அவளால் பார்க்க முடியாது. மெழுகு வாசனை வருகிறது என்றாள்.

மாலை, அவள் எழுதி வைத்திருந்த வரிகள் முழுவதும் ஓடி முடிந்தன. ஒரு சிவப்பும் இல்லை.

"எத்தனை பேருன்னு வருது?"

"நூத்தி முப்பத்தேழு."

"நல்லாப் பாரும்மா."

"நல்லாத்தான் பார்த்தேன். அன்பியத்துல ஒரு மெழுகுவர்த்தி குறைஞ்சாக்கூட எனக்குத் தெரியும். நூத்தி முப்பத்தேழுதான்."

நானூற்றுப் பன்னிரண்டு பேர் உள்ளே போனார்கள். முகாமிலோ முந்நூற்றுத் தொண்ணூறு பேர் ஊதியிருக்கிறார்கள். மிச்சப் பெண்கள் எங்கே போனார்கள்? ராத்திரி அவள் கஞ்சி குடிக்கவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய். புனித சவேரியார் திருவிழா

அவள் பேராசிரியர் தணிகாசலம் சார் போனில் வந்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"நூத்தி முப்பத்தேழை வச்சே முடிச்சிரும்மா. மில்லுல இருந்தவங்களுக்கும் இல்லாதவங்களுக்கும் வித்தியாசம் பெருசா இல்லைன்னுதான வருது? அப்படியே எழுது. மத்தவங்க தொடர்பு விட்டுப் போச்சுன்னு குறைபாடுகள் அத்தியாயத்துல ஒரு பாரா. எல்லா ஆராய்ச்சியிலயும் உண்டு. முதல்ல உன் கண்ணைப் பாரு."

நல்ல மனிதர். கவலையோடுதான் சொன்னார். வைத்த பிறகு ஜெசிந்தா சொன்னாள்: "ஒவ்வொரு வீடா நான் போயிருக்கேம்மா. படியேற முடியாம நடுவுல உட்கார்ந்து மூச்சு வாங்குறவளைப் பார்த்திருக்கேன். வித்தியாசம் இல்லைன்னு எப்படி எழுதுவேன்?"

அதனால் ஒவ்வொரு வரியாகப் பிடித்தோம். ஒரு வரி ஓட்டுவது, எத்தனை பேர் மிச்சம் என்று கேட்பது, அடுத்த வரி. எண்ணிக்கை குறையாமல் வந்தது. ‘மெர்ஜ்’ என்ற வரியில் வந்து விழுந்தது. இரண்டு பட்டியலையும் சேர்க்கிற வரி அதுதான். பெயர், இன்ஷியல் இரண்டும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று அது எடுத்துக்கொள்கிறது.

"இதை எப்ப எழுதுன ஜெசி?"

"போன வைகாசில. அந்த மாசம் எழுதுன எதுவும் எனக்கு ஞாபகமில்ல."

போன வைகாசியில் இரண்டு வாரம் அவள் போனே எடுக்கவில்லை. மாப்பிள்ளைதான் எடுத்தார். தூங்குகிறாள் அத்தை என்பார்.

டிசம்பர் 4, புதன்

வெந்நீரில் துணி நனைத்து உடம்பு துடைத்துவிட்டேன். தோளுக்குக் கீழே கன்றிப்போன பழைய கறுப்பு. நாலு விரல் அகலம். கட்டில் சட்டத்தில் இடித்திருக்கும்.

தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. கண்ணில் இறங்கும்.

டிசம்பர் 5, வியாழன்

மதுரை. முதல் செக்கப்.

காற்றுக் குமிழி நன்றாக இருக்கிறது, விழித்திரை ஒட்டியிருக்கிறது என்றார் டாக்டர் மீனலோசனி. ஆண்டவருக்குத் தோத்திரம். காலேஜ் படிக்கும்போது கண்ணாடிக்காக இங்கேதான் வருவாள் என்று சொன்னேன். அப்போது எடுத்த விழித்திரைப் படம் கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று என்னைக் கவுண்டருக்கு அனுப்பினார்.

கவுண்டரில் இருந்த பெண் தட்டிப் பார்த்துவிட்டு, "கே. ஜெசிந்தா, போன வாரம்தான் முதல் தடவை வந்திருக்காங்க. பழசு எதுவும் இல்லையேம்மா," என்றாள்.

"ஆறாங்கிளாஸ்லேர்ந்து இங்கதான் காட்டுறோம்."

"அப்பா பேரு?"

"சூசைநாதன். இப்ப இல்ல. இறந்துட்டாரு."

மறுபடி தட்டினாள். "எஸ். ஜெசிந்தா. இருக்கு. ஆனா இது வேற ஆளும்மா."

"ரெண்டும் என் மகதான்."

"கம்ப்யூட்டருக்கு ரெண்டு ஆள். எஸ் ஜெசிந்தா அஞ்சு வருஷமா வரவே இல்ல. கே ஜெசிந்தாவுக்குப் பழைய வியாதியே இல்ல." அவள் சாதாரணமாகச் சொன்னாள். "கல்யாணமாகி வர்ற எல்லாருக்கும் இப்படித்தான் ஆகுது. ஒண்ணாக்கணும்னா எழுதிக் கொடுங்க. அடுத்த தடவை பார்த்துக்கலாம்." எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வரும்போது காரில் ஜெசிந்தா முன் சீட்டின் முதுகில் நெற்றியை வைத்துக் குனிந்திருந்தாள். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். கொடைரோடு தாண்டியதும் கேட்டாள்:

"அம்மா, அன்னிக்கு ஃபார்ம்ல என்ன கேட்டிருந்துச்சு?"

"தந்தை, கோடு, கணவர் பெயர்."

"ரெண்டுக்கும் ஒரே கட்டமா?"

"ஒரே கட்டம்தான். எங்கயும் அப்படித்தான இருக்கும்."

"எங்க முகாம் ஃபார்ம்லயும் அப்படித்தாம்மா இருந்துச்சு."

வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றவில்லை, லேப்டாப்பைத் திறக்கச் சொன்னாள். ஒட்டிக்கொண்ட நூற்று முப்பத்தேழு பேரையும் வரிசையாக வாசித்தேன். தொண்ணூற்றாறு பேர் இன்னும் கல்யாணம் ஆகாதவர்கள். மற்ற நாற்பத்தொரு பேர் கல்யாணமானவர்கள்.

"அவங்க எப்படித் தப்பிச்சாங்க? வாசி."

"அப்பா முருகேசன், வீட்டுக்காரர் மணிகண்டன். அப்பா பழனிச்சாமி, வீட்டுக்காரர் பாண்டி. அப்பா ராமர், வீட்டுக்காரர் ரவி..."

பத்தாவது பெயருக்குள் இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. அப்பன் பெயரும் புருஷன் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்குகிறவர்கள் மட்டும் பிழைத்திருக்கிறார்கள். ஜெசிந்தா சத்தமாகச் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அப்படிச் சிரித்தது இன்றுதான்.

"இந்த ராமர் மகள் ரவிக்குப் பதிலா கண்ணனைக் கட்டியிருந்தா அவ்வளவுதாம்மா. காணாமப் போயிருப்பா."

அப்புறம் சிரிக்கவில்லை.

டிசம்பர் 6, முதல் வெள்ளி

இன்று அந்த வரியைத் திருத்தினோம். மெர்ஜ் வரியின் கடைசியில் ‘ஆல் டாட் எக்ஸ், ஈக்குவல் டு, ட்ரூ’ என்று சேர்க்கச் சொன்னாள். என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"முதல் பட்டியல்ல இருக்கிறவங்க, ரெண்டாவதுல கிடைச்சாலும் கிடைக்காட்டியும் அப்படியே இருக்கட்டும்னு அர்த்தம். அது போடலைன்னா, கிடைக்காதவங்களைக் கேக்காமலே தள்ளிரும். ஒரு வார்த்தை சொல்லாது."

ஓட்டினேன். நானூற்றுப் பன்னிரண்டு பேரும் நின்றார்கள். இருநூற்று எழுபத்தைந்து பேருக்கு எதிரே மட்டும் கட்டம் காலி.

காலிக் கட்டத்தைக் கம்ப்யூட்டரால் நிரப்ப முடியாது. பெயரும் வயதும் பார்த்து இவள்தானோ என்று ஊகிக்கலாம். உறுதியாகச் சொல்ல அவளையேதான் கேட்க வேண்டும். முகாம் பட்டியலில் போன் நம்பர் இருக்கிறது. பாதியை ஜெசிந்தாவின் தோழிகள் எடுத்துக்கொண்டார்கள், மீதி எங்களுக்கு. நான் நம்பர் போடுவேன், அவள் குப்புறக் கிடந்து பேசுவாள், அவளுக்குத் தொண்டை கட்டினால் நான் பேசுவேன். கேட்க வேண்டியது ஒன்றுதான்: கல்யாணத்துக்கு முன்னால் உங்கள் இன்ஷியல் என்ன, உங்கள் அப்பா யார்?

டிசம்பர் 7, சனி

இன்று பேசியதில் வடமதுரைப் பக்கம் ஒரு பெண், பாக்கியலெட்சுமி.

"எம். பாக்கியலெட்சுமியா?" என்று கேட்டேன்.

"நீங்க யாருக்கா?" என்றாள். "அந்தப் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டு எத்தனையோ வருஷமாச்சு. எங்க அப்பாவைத் தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது, இன்னார் ஆராய்ச்சிக்குக் கேட்கிறோம் என்று விளக்கினேன். நடுநடுவே இருமினாள். வைக்கும்போது, "இன்னொருக்கா சொல்லுங்கக்கா," என்றாள். சொன்னேன். "ம்," என்று வைத்துவிட்டாள்.

அவள் கட்டத்தை நிரப்பினேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

மாப்பிள்ளை வந்தார். ஆப்பிள் இரண்டு கிலோ, மாதுளை ஒரு கிலோ. வெள்ளைச் சட்டையில் பளிச்சென்று இருந்தார். காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

மேஜையில் லேப்டாப்பைப் பார்த்துவிட்டு, "என்ன அத்தை, நீங்களும் டாக்டர் பட்டம் வாங்கப் போறீங்களா? அப்புறம் இந்த வீட்டுல ரசம் யாரு வைப்பா?" என்றார். பொன்னுத்தாய் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஜெசிந்தா தலையணையில் முகம் வைத்தபடி இருந்தாள். எழுந்திருக்கக் கூடாது. நான் தரையில் உட்கார்ந்து மாதுளை உரித்துக்கொண்டிருந்ததால் அவள் கால் தெரிந்தது. விரல்களை உள்ளே மடக்கி வைத்திருந்தாள்.

"இவ எப்பவுமே கவனமில்லாமத்தான் நடப்பா அத்தை. பாத்ரூம்ல வழுக்காத டைல்ஸ் போட்டுர்றேன்னு சொல்லிட்டேன்," என்றார்.

ஆபரேஷன் அன்று மாடிப்படி என்றார். மறந்திருக்கலாம்.

"தீசிஸ்ல கே. ஜெசிந்தான்னு போடச் சொன்னேன். இன்னும் எஸ்ஸுன்னுதான் போட்டிருக்கா. ஊர்ல கேக்குறான் அத்தை, கல்யாணம் ஆச்சா இல்லையான்னு. அந்தப் பிடிவாதம் ஒண்ணை மட்டும் விட்டான்னா தங்கம்." அவள் முதுகில் தட்டினார், செல்லமாக. அவள் மூச்சுவிடாமல் இருந்தாள். "வெள்ளிக்கிழமை செக்கப்புதான? அங்கேர்ந்து நேரா நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துருங்க. நீங்க வயசான காலத்துல எத்தனை நாள் கஷ்டப்படுவீங்க?"

"சரி மாப்ள," என்றேன்.

அவர் போனபின் ஜெசிந்தா அடுத்த நம்பரைப் போடச் சொன்னாள். அதற்குப் பிறகு எட்டுப் பேரிடம் பேசினோம்.

டிசம்பர் 9, திங்கள். அமலோற்பவ அன்னை திருவிழா

இந்த வருடம் ஞாயிறில் வந்ததால் திருவிழாவை இன்றைக்கு மாற்றிவிட்டார்கள். என் பெயர்கொண்ட நாள். பூசை முடிந்து ஃபாதர் இருதயராஜ் என்னை நிறுத்தினார்.

"கஸ்பார் நேத்து என்னைப் பார்த்துட்டுத்தான் போனாரு. வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறாராமே. சந்தோஷம்மா."

"கண்ணு இன்னும் ஆறல ஃபாதர்."

"கண்ணு அங்கயும் ஆறும்ல? குடும்பம்னா முன்னப்பின்ன இருக்கும். நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிற்பகல் நான் போட்ட நம்பர்களில் ஒன்று, காளீஸ்வரி என்ற பெண்ணுடையது. முதல் பட்டியலில் மில்லில் நாலு வருடம். ஒரு ஆண் எடுத்தார்.

"காளீஸ்வரி இருக்காங்களா?"

"யாரு நீ?"

சொன்னேன்.

"அப்படி யாரும் இங்க இல்ல."

அப்போது அவருக்குப் பின்னால் இருமல் கேட்டது. பெண் இருமல். நாலு நாளாகப் போனில் நான் கேட்டுக்கொண்டிருக்கிற அதே இருமல், இழுத்து, அடங்கி, மறுபடி இழுக்கிறது. அவர் கையால் போனை மூடினார் போலிருந்தது. சத்தம் மங்கியது. அப்புறம் நின்றுவிட்டது.

"இனிமே இந்த நம்பருக்குப் பண்ணாத," என்றார்.

அவர் வைத்துவிட்டார். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"என்னம்மா? என்ன சொன்னாங்க?" ஜெசிந்தா தலையணைக்குள்ளிருந்து கேட்டாள்.

"இருக்கா."

"பேசுனாளா?"

"இல்ல. ஆனா இருக்கா."

கட்டத்தில் ‘கிடைக்கவில்லை’ என்று போட வேண்டும். அதற்கென்று ஒரு எழுத்துக்கூட அவள் சொல்லித்தந்திருக்கிறாள். கை போகவில்லை. அந்த ஒரு வரியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, அடுப்பில் வைத்த பாலைப் பார்க்கப் போனேன். பொங்கி வழிந்து அடுப்பெல்லாம் பால். துடைத்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பொன்னுத்தாய் வந்து கையைப் பிடித்தாள்.

வைகாசியில் நான் போன் செய்தபோதெல்லாம் தூங்குகிறாள் அத்தை என்பார். சரி மாப்ள என்று வைத்துவிடுவேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

மழை. போன் வேலை மட்டும்.

டிசம்பர் 12, வியாழன்

முந்நூற்று எழுபத்தோரு பேர் கிடைத்துவிட்டார்கள். மிச்சத்தில் சிலர் இறந்துவிட்டார்கள், சிலர் வெளிமாநிலம். காளீஸ்வரி மட்டும் கதவுக்குப் பின்னால்.

கடைசியாக ஒருமுறை முதல் வரியிலிருந்து ஓட்டினோம். படமாக இரண்டு கோடு வந்தது, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. முன்பு இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. இப்போது மில்லில் இருந்தவர்களின் சிவப்புக் கோடு கீழே இறங்கி வெகுதூரம் தள்ளிப் போகிறது.

"தள்ளிப் போகுதா?"

"போகுது."

"எவ்வளவு?"

"என் கை நுழையுற அளவுக்கு."

மில்லில் அதிக வருடம் இருந்தவர்களுக்கு அதிகமாக மூச்சு குறைந்திருக்கிறது. அவர்கள்தான் இளவயதிலேயே கல்யாணம் முடிந்து போனவர்கள். அதனால்தான் பழைய கணக்கில், இன்ஷியல் மாறி, அவர்களே விடுபட்டுப் போயிருக்கிறார்கள். தணிகாசலம் சாருக்கு அனுப்பினோம். அரை மணியில் கூப்பிட்டார். "நானும் கவனிக்கலையேம்மா. என் வீட்டம்மாவுக்கே ரெண்டு இன்ஷியல்," என்றார். தேதியை ஒரு மாதம் தள்ளி வாங்கித் தருகிறேன் என்றிருக்கிறார்.

சாயங்காலம் ஜெசிந்தா கேட்டாள்: "நாளைக்கு நேரா அங்கயாம்மா? துணியெல்லாம் எடுத்து வைக்கணும்ல?"

எந்தக் குரலில் கேட்டாள் என்று எழுதத் தெரியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சா என்று கேட்பது போலத்தான் கேட்டாள்.

நான் பையில் ஆஸ்பத்திரி ஃபைலை மட்டும் வைத்தேன். ஒரு பாட்டில் தண்ணீர். சொட்டு மருந்து. பையை அவள் மடியில் வைத்தேன். தடவிப் பார்த்தாள், ஃபைல், பாட்டில், மருந்து. அப்புறம் என் கையைத் தேடிப் பிடித்தாள்.

டிசம்பர் 13, வெள்ளி. கண்களுக்குப் பாதுகாவலியான புனித லூசியா நாள்

டாக்டர் அறையில் இருந்தவர்கள்: டாக்டர் மீனலோசனி, ஜெசிந்தா, நான்.

இனி நிமிர்ந்து உட்காரலாம் என்றார். பதினெட்டு நாளுக்குப் பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்தேன். இடது கண்ணில் கீழே தண்ணீர் மட்டம் ஆடுகிற மாதிரி தெரிகிறது, அதற்கு மேலே டாக்டரின் கை அசைவது தெரிகிறது என்றாள். காற்று முழுவதும் கரைந்த பிறகு பார்வை எவ்வளவு வரும் என்று பார்க்கலாம், முன்னே இருந்த அளவு வராது என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார்.

பிறகு ஃபைலைப் புரட்டினார். "ஜெசிந்தா, இது எப்படி ஆச்சுன்னு மறுபடி கேக்குறேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. ஜெபமாலையின் சிலுவையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னாள். முதலிலிருந்து, வைகாசியிலிருந்து சொன்னாள். டாக்டர், வழுக்கி விழுந்தாள் என்ற பழைய வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் வேறு எழுதினார். தாளின் அடிவரை எழுதினார்.

கவுண்டரில் அதே பெண். "எழுதிக் கொடுத்திருந்தீங்கல்ல? ரெண்டு அட்டையையும் ஒண்ணாக்கிர்றேன். எந்த இன்ஷியலை வைக்கட்டும்?"

ஜெசிந்தா என் பக்கம் திரும்பினாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள்.

"எஸ்," என்றேன்.

வாசலில் நிற்கும்போது மாப்பிள்ளை போன் வந்தது. கார் அனுப்பவா என்றார்.

"வேண்டாம் மாப்ள. திண்டுக்கல் பஸ் ஏறப் போறோம்."

"நேரா இங்க வர்றதாத்தான அத்தை பேச்சு?"

"ஆமா. அப்படித்தான் சொன்னேன்."

அவர் பேசிக்கொண்டே இருந்தார். நான் போனை அணைத்துப் பையில் போட்டேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் ஜெசிந்தா நிமிர்ந்து உட்கார்ந்து வந்தாள்.

டிசம்பர் 14, சனி

காலையில் எழுதி, பொன்னுத்தாயிடம் கொடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்பியதன் நகல்:

மாப்பிள்ளை கஸ்பார் அவர்களுக்கு, அமலோற்பவம் எழுதுவது. உங்கள் நலத்துக்கு ஆண்டவரை வேண்டுகிறேன். ஜெசிந்தா இங்கே என்னோடுதான் இருப்பாள். அங்கே அனுப்புவதாக இல்லை. காரணம் உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், இப்போது டாக்டருக்கும் தெரியும். ஃபாதரிடம் நானே பேசிக்கொள்கிறேன். ஆண்டவருக்கும் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அவளுடைய சாமான்கள் அங்கே உள்ளன: சான்றிதழ் ஃபைல், பழைய கண்ணாடி இரண்டு, பச்சைப் பெட்டி, புத்தகங்கள், கல்யாணத்தன்று நான் கொடுத்த ஜெபமாலை. இவற்றை எடுக்க நான், பொன்னுத்தாய், பொன்னுத்தாயின் வீட்டுக்காரர், அன்பியத்திலிருந்து இரண்டு பேர் வருகிறோம். ஜெசிந்தா வர மாட்டாள். எந்த நாள் வரலாம், அன்று வீட்டில் யார் யார் இருப்பார்கள் என்று எழுதவும். சீக்கிரம் பதில் தரவும்.